ரோஸ் பொட்டு வைத்த நத்தைகள்

நம் வயதுக்காரர்கள் தவறாமல் போகும் இடம் இப்போது கோயில் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடம். வெறும் வயிற்றோடு விடிந்ததும் போய் வரிசையில் உட்காருகிறோம். ஒரு காலத்தில் பிள்ளைகளின் மார்க்கை விசாரித்த மாதிரி, பக்கத்தில் இருப்பவரின் சர்க்கரை அளவை விசாரிக்கிறோம். பெரும்பாலானவர்களோடு துணைக்கு ஓர் ஆள் வந்திருக்கும். நான் தனியாகத்தான் போகிறேன். அதில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை, ஆட்டோக்காரர் நல்லவர்.

போன வாரம் ரத்தம் எடுக்க வந்த பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகங்களில் ரோஸ் நிறப் பாலிஷ். வெளிர் ரோஸ் இல்லை, நாம் சின்ன வயதில் சாப்பிட்ட பஞ்சுமிட்டாயின் ரோஸ்.

"வலிக்குதாம்மா? கண்ணு கலங்குதே?" என்றாள்.

"இல்லம்மா. நத்தை ஞாபகம் வந்துடுச்சு."

சர்க்கரை இறங்கிப் பிதற்றுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவசரமாக இரண்டு பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தாள். தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் அம்மாவைத் திடீரென்று காணோம். "மாமா வீட்டுக்குப் போயிருக்கா" என்று அப்பா சொன்னார். அடுத்த நாளே என் துணிகளை ஒரு பையில் திணித்து, சைக்கிளில் உட்காரவைத்து, இரண்டு பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார். "அடம் பிடிக்காம இரு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குத் திரும்பிப் போனார். முகத்தை அவர் திருப்பிக்கொண்டது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

பொன்மலையில் எங்களுக்கு ஒர்க்‌ஷாப் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் எழுந்திருப்போம், சங்கு ஊதினால் அப்பா வருவார். ஸ்ரீரங்கத்தில் அந்தச் சங்கு கேட்கவில்லை. கோயில் மணி கேட்டது, மேளம் கேட்டது, எதற்கு எது என்று எனக்குப் புரியவில்லை. எந்த நேரத்துக்கு யார் வருவார்கள் என்றும் தெரியவில்லை.

பெரியப்பாவுக்குத் தெற்குக் கோபுரத்தின் பக்கத்தில் பாத்திரக் கடை. அப்போது அது கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அவருடைய இரண்டு மகன்களும் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பெரியம்மா மடியும் ஆசாரமுமாக நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றாள். கெட்டவள் இல்லை. மூன்று வேளையும் வயிறு நிறையப் போடுவாள். ஆனால் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், "காலைக் கழுவிட்டு உள்ள வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் வந்தேனா வரவில்லையா என்பதைவிடக் கால் கழுவினேனா என்பதுதான் அந்த வீட்டில் முக்கியம்.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. எம்.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருஷம். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் படிக்கவைப்பதில் பெரியப்பாவுக்குக் கடைத்தெருவில் பெருமையும் வீட்டுக்குள் பயமும் இருந்தன. எல்லோரும் என்னைப் பாப்பா என்று கூப்பிட, அத்தை மட்டும் குட்டி என்பாள்.

அத்தைதான் எனக்கு நிஜத்தைச் சொன்னவள்.

"உங்கம்மா மாமா வீட்டுல இல்ல குட்டி. ஆஸ்பத்திரியில இருக்காங்க. நெஞ்சுல சளி. சளியை டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்க. கிருமி இல்லைன்னு வந்துச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எப்ப வரும்?"

"ஒரு தடவை இல்லைன்னு வந்தாப் பத்தாது. மறுபடி மறுபடி பாப்பாங்க. பொறுமையா இருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது. பொய்யில் உட்கார்ந்திருப்பதைவிட அழுதுகொண்டு நிஜத்தில் உட்கார்ந்திருப்பது மேல் என்று அந்த வயதிலேயே தெரிந்தது.

அந்த வருஷம் அத்தையின் வகுப்பில் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஓர் உயிரினத்தை எடுத்துக்கொண்டு, ஓர் இடத்தில் அது எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். அத்தை நத்தையை எடுத்துக்கொண்டாள். கொள்ளிடக் கரையோரம் ஒரு வாழைத்தோப்பு. மழைக்காலத்தில் அங்கே மட்டை, தண்டு, வரப்பு எல்லாம் நத்தை. எண்ணிக்கை ஒழுங்காக வந்தால் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிடுகிறேன் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அத்தைக்கு அது ஒன்றுதான் வாசல். கார்த்திகைக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று பெரியப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

நத்தையைத் தொடுகிறாள் என்று தெரிந்தால் பெரியம்மா அவளை அடுக்களைப் பக்கமே விடமாட்டாள். அதனால் சனிக்கிழமை காலையில், "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன் அண்ணி, குட்டியையும் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளம்புவாள். துணைக்குக் குழந்தை இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. தெருமுனை திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நத்தைன்னு வீட்டுல வாயே திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அத்தைக்காக என்ன வேண்டுமானாலும் பண்ணியிருப்பேன்.

வேலை இப்படி. தோப்பில் நான்கு இடங்களில் சணல் கட்டிப் பாத்தி பிரித்திருந்தாள். முதல் சனிக்கிழமை நான்கு பாத்தியிலும் கிடைத்த நத்தைகளை எல்லாம் எடுத்து, ஓடுகளைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் நெயில் பாலிஷால் ஒரு ரோஸ் பொட்டு வைத்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டோம். மழையில் கரையாத, மலிவான மை அதுதான். பெரிய கடைவீதியில் வாங்கி, பென்சில் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஈரமண் வாசனையும் அந்த பாலிஷின் காரமான நெடியும் கலந்து வந்த வாசனை, அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மறுபடி தேட வேண்டும். கிடைத்தவற்றில் எத்தனைக்குப் பொட்டு இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று எழுத வேண்டும்.

"எல்லாத்தையும் எண்ணவே முடியாது குட்டி. அதான் இந்த வழி. கிடைக்கிறதுல பொட்டு வச்சது நிறைய இருந்தா தோப்புல மொத்தமே கொஞ்சம்தான். பொட்டு வச்சது அபூர்வமா வந்தா இங்க ஏகப்பட்டது இருக்குன்னு அர்த்தம்."

எனக்கு அது ஏறவில்லை. எனக்கு ஏறியது வேறு. பொட்டு வைத்த நத்தை ஒன்று கையில் கிடைத்தால் அத்தையின் முகம் மலரும். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "வந்துட்டியா!" என்பாள். பொட்டில்லாத நத்தைக்கு அந்த வார்த்தை கிடையாது, நோட்டில் ஒரு கோடு மட்டும்தான்.

அந்த மூன்று மாதத்தில் யாரும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பொன்மலையில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும்போது அம்மா வாசலில் நின்று சொல்வது அதுதான். அதனால் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன்.

முதல் பாத்தியில் எண்ணி முடித்து விட்ட நத்தைகளில், பொட்டு வைத்தது இரண்டு மூன்றைப் பாவாடை மடியில் போட்டுக்கொள்வேன். அத்தை நோட்டில் குனிந்திருக்கும்போது ஓடிப்போய் மூன்றாவது பாத்தியிலோ நான்காவதிலோ மட்டைக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வந்து நிற்பேன். அத்தை தேடி வந்து மட்டையைத் தூக்குவாள். "வந்துட்டியா!" என்பாள். எனக்கே சொன்ன மாதிரி இருக்கும்.

அந்த நத்தைகளில் ஒன்று வினோதமானது. மற்ற எல்லாவற்றுக்கும் ஓடு ஒரு பக்கமாகச் சுற்றியிருக்க, அதற்கு மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. அத்தைதான் கண்டுபிடித்தாள். அன்று அவள் அடைந்த சந்தோஷத்தை, கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் நான் பார்க்கவில்லை.

"இது ஏன் அத்தை இப்படி?"

"இதோட அம்மா வழி வந்தது. நத்தை எந்தப் பக்கம் சுத்தணும்ங்கிறது அதோட அம்மாகிட்ட இருக்கிற சங்கதியை வச்சுத்தான். பாவம், இதுக்கு இங்க ஜோடி சேர்றதுதான் கஷ்டம்."

"தனியாவே இருக்குமா?"

"தனியாத்தான் இருக்கும்போல. ஆனா சாப்பிடுது பாரு, எவ்வளவு ரசிச்சுச் சாப்பிடுது!"

மூன்றாவது சனிக்கிழமை அந்த எதிர்ச்சுழியைக் கிணற்றடியில் இருந்த முதல் பாத்தியில் பார்த்தோம். அத்தை நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு அங்கேயே விட்டாள். இதைவிட நல்ல பரிசு உண்டா என்று நான் அதை மடியில் போட்டுக்கொண்டு போய், தோப்பின் மறுகோடியில் நான்காவது பாத்தியில் வைத்தேன். அரைமணி கழித்து அத்தை அந்த மட்டையைத் தூக்கினாள். நத்தையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாழைப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டியா!" என்றாள்.

தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. அடைமழைக்குப் பிறகு வெயில் அடித்ததால், பெரியம்மா பூஞ்சை பிடித்த துணி, புத்தகம் எல்லாவற்றையும் மாடியில் காயப்போட எடுத்தாள். பென்சில் டப்பா கைதவறி விழுந்து திறந்தது. பாலிஷ் பாட்டில் உருண்டது. பாட்டில் முக்கால்வாசி காலி.

அந்த வீட்டில் நெயில் பாலிஷ் என்பது சினிமாவில் கெட்ட பெண் போட்டுக்கொள்வது. சரி, ஆசைக்கு ஒரு பெண் வாங்கிவிட்டாள் என்றால் திட்டிவிட்டு எறிந்திருப்பார்கள். ஆனால் பெரியம்மா அறிவாளி. பாட்டில் காலியாகியிருக்கிறது, அத்தையின் நகமோ எப்போதும் வெறுமையாக இருக்கிறது. அப்படியென்றால் வெளியே போய்ப் பூசிக்கொள்கிறாள், வீட்டுக்கு வருமுன் அழித்துவிடுகிறாள். யாரிடம் காட்டுவதற்குப் பூசுகிறாள்? தப்பான இடத்தில் தொடங்கி, ஒரு படி பிசகாமல் கணக்குப் போட்டாள். இன்று நினைத்தாலும் அந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

சாயங்காலம் பெரியப்பாவைக் கடையிலிருந்து வரவழைத்தாள். கூடத்தில் நடந்தது விசாரணை. பாட்டில் நடுவில் இருந்தது.

"யாருக்குடி இது?" என்றார் பெரியப்பா.

அத்தை பயப்படவில்லை. உண்மை கையில் இருக்கிறதே என்ற தைரியம். "நத்தைக்கு அண்ணே" என்றாள்.

"நத்தைக்கு நகம் எங்கடி இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கும் சிரிப்பில் உதடு துடித்தது, அதுதான் வினையாகிவிட்டது. கிண்டல் பண்ணுகிறாள் என்று பெரியப்பாவுக்குக் கண் சிவந்தது.

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி வேணாமா?"

"நிஜமா அண்ணே. காலேஜ்ல கொடுத்த வேலை. ஓட்டுல அடையாளம் வைக்கிறதுக்கு. வாங்க, இப்பவே தோப்புக்கு வாங்க, காட்டுறேன்."

"தோப்பு வேறயா!" என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "லைப்ரரின்னு சொல்லிட்டுத் தோப்புக்கா போய்ட்டு இருந்த?"

அத்தைக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. சுற்றிப் பார்த்தாள். கதவோரம் நின்ற என்மேல் கண் வந்து நின்றது. பெரியப்பாவும் அந்தக் கண்ணைத் தொடர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இங்க வா. பயப்படாம சொல்லு. சனிக்கிழமை அத்தை உன்னை எங்க கூட்டிட்டுப் போறா?"

நம்மை எல்லாம் அந்தக் காலத்தில் யாரும் ஒரு விஷயம் கேட்டதே இல்லை. அன்றுதான் முதல் தடவையாக ஒரு வீடே என் வாயைப் பார்த்து நின்றது. எனக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. நத்தை என்று வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். தோப்புக்குப் போய்ப் பார்த்தால் நான் நத்தையை இடம் மாற்றியது தெரிந்துவிடும், அத்தை என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"லைப்ரரிக்கு" என்றேன்.

அத்தை என்மேலிருந்து கண்ணை எடுத்தாள். 'குட்டி' என்றுகூடக் கூப்பிடவில்லை. அவள் தோப்பு என்கிறாள், குழந்தை லைப்ரரி என்கிறது. குழந்தைக்குக்கூடப் பொய் பழக்கி வைத்திருக்கிறாள் என்று பெரியம்மா அழுதாள். பெரியப்பா யாரையும் அடிக்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் எறிந்தார். மறுநாளிலிருந்து அத்தை காலேஜுக்குப் போகவில்லை. பேராசிரியை ஒரு கடிதம் போட்டார் என்றும், பெரியப்பா அதைப் பிரிக்காமலே கிழித்தார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

மார்கழியில் அம்மாவுக்குக் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அப்பா சைக்கிளில் வந்து என்னை அழைத்துப் போனார். நான் கிளம்பும்போது அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வா குட்டி. அம்மாவைப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். தையில் அவளுக்கு நாக்பூரில் வேலை பார்த்த ஒருவரோடு கல்யாணம் நடந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அத்தை மறுபடி படிக்கவில்லை.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தை எப்போதாவது திருச்சிக்கு வருவாள். என் கல்யாணத்துக்கு வந்தாள். பெண்கள் எல்லோரும் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சாகும்வரை விரலில் எந்த நிறமும் பூசவில்லை. என்னிடம் நத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குள் ஒரே உறுத்தல்தான் இருந்தது. அவள் எண்ணிக்கையை நான் கெடுத்துவிட்டேன். ஒரே நத்தையை இரண்டு முறை கொண்டுவந்து வைத்தேனே, பொட்டு வைத்தது அதிகமாக வந்து, தோப்பில் நத்தையே குறைவு என்று தப்பாக விடை வந்திருக்குமே. வீட்டில் படிப்பை நிறுத்தாமல் இருந்திருந்தாலும் அவள் தப்பான விடையைத்தான் கொடுத்திருப்பாள் என்று, கேட்டால் சிரிப்பீர்கள், அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். சென்னை ஆராய்ச்சி எப்படியும் நடந்திருக்காது என்று.

அத்தை போன ஆவணியில் இறந்துபோனாள். இரண்டு மாதம் கழித்து அத்தை மகள் போன் செய்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும்.

"அம்மா பெட்டியில ஒரு நோட்டு இருக்கு அக்கா. எல்லாம் நத்தை, நத்தை. நத்தைன்னா திருச்சியில குட்டிக்கு மட்டும்தான் தெரியும்னு அம்மா சொல்லுவாங்க. உங்களுக்கு அனுப்பவா?"

கூரியரில் வந்தது. அட்டை போட்ட நீள நோட்டு. ஓரங்களில் தோப்பு மண்ணின் கறை இன்னும் இருந்தது. ஆங்கிலத்தில் தேதி, பாத்தி, நேரம், பொட்டு உள்ளவை, இல்லாதவை என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். மூன்றாவது சனிக்கிழமையின் பக்கத்தில் ஓரமாகத் தமிழில் பொடி எழுத்து இருந்தது. 'எதிர்ச்சுழி கிணற்றடியில். அரைமணியில் நான்காம் பாத்தியில். நடந்து வந்திருக்க முடியாது. குட்டி வேலை. இனி எண்ணிய நத்தையின் ஓட்டுக்கு அடியில் பென்சில் கோடு போட வேண்டும்.'

அதற்கு அடுத்த சனிக்கிழமையின் பக்கத்தில் கட்டங்களோடு புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதன் தலையில் 'கு' என்று எழுதியிருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு மூன்று, ஓர் இரண்டு, ஒரு நான்கு. நான் கொண்டுவந்து வைத்தவை. அவற்றைக் கழித்துவிட்டு, கீழே சரியான விடையை எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்த விடையில் பிசகே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும், நான் வைத்த ஒவ்வொரு நத்தையையும் தூக்கிப் பார்த்து, என் காது கேட்க, "வந்துட்டியா" என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்கும் அடுத்த பக்கம், அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் போக வேண்டிய சனிக்கிழமை. தேதி போட்டு, நான்கு பாத்திக்கும் கோடு கிழித்து, 'கு' கட்டத்தையும் கிழித்து வைத்திருந்தாள். எல்லாம் காலி.

ஆக, நத்தையை இடம் மாற்றியதற்காக இத்தனை வருஷம் வெட்கப்பட்டதெல்லாம் வீண். அதை அவள் அன்றைக்கே கழித்துவிட்டாள். கழிக்க முடியாமல் போனது என்னுடைய அந்த ஒரு வார்த்தையைத்தான். அவளுக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தேன், நான் லைப்ரரி என்றேன்.

பிஸ்கட் தின்றுவிட்டு வந்தேன் என்றேனே, அன்று காலை நோட்டை மறுபடி எடுத்து அந்தக் காலிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெரியப்பா இல்லை, பெரியம்மா இல்லை, அத்தையும் இல்லை. கேட்க ஒருவரும் இல்லாத வீட்டில், ஒன்பது வயதில் சொல்லியிருக்க வேண்டியதை வாய்விட்டே சொன்னேன்.

"பெரியப்பா, அத்தை சொல்றது நிஜம். நானும் கூட இருந்தேன். அது நத்தைக்குத்தான்."